உடுக்கை அடிக்காமல் வந்த சாமி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு முள்முருங்கை மரம் இருக்கிறது. அதன் அடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் விளக்கும் எரியும். புதிதாக வருகிறவர்கள் கேட்டால், அது சாமியாடி அழகர்சாமிக்கு வைத்த கல் என்று சொல்லுவார்கள். கொரோனா வந்த வருஷம் அம்மன் அவர்மேல் இறங்கி, தோட்டத்துப் பிள்ளைகளை நோய் தொடாமல் இருக்க அவரையே எடுத்துக்கொண்டாள் என்பார்கள். சொல்லிக்கொண்டே கும்பிடுவார்கள். கேட்கிறவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவருடைய மனைவி கமலாட்சி அத்தை மட்டும் அந்தக் கல்லுக்கு ஒரு நாளும் விளக்கு வைத்ததில்லை. எனக்கும் அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். என் பெயர் கெத்தரின். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் கோயில் விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு உரிமையில்லை என்று என் அம்மா மரியாயி நூறு தடவை சொல்லியாயிற்று. ஆனால் அழகர்சாமி மாமாவை அம்மன் எடுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக உடம்போடு ஒட்டியிருந்த குடியை ஒரே நாளில் பிய்த்து எடுத்ததால் வந்த நோய்தான் அவரை எடுத்தது. அதற்கு மருந்தும் இருந்தது. அதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

எல்கடுவைக்கு மேலே, வரிசை அறைகளாகக் கட்டிய எங்கள் லயத்தில் அவர்கள் காம்பராவும் எங்கள் காம்பராவும் ஒட்டியவை. நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரும் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். ஊரடங்கு போட்டபோது நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு துணிக்கடையில் மாட்டிக்கொண்டேன். ஒருவழியாக பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வந்ததும் இரண்டு கிழமை, பதினாலு நாள், காம்பராவை விட்டு வெளியே வரக்கூடாது என்று வாசலில் கடதாசி ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்குள் மாமாவைப் புதைத்தாயிற்று. எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போன பிறகு லயத்தில் இரண்டே பேர்தான் இருப்போம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தாலி இறக்கிய அத்தை. சுவருக்கு மேலே வந்த குரலில்தான் இதை முழுவதும் கேட்டேன்.

மாமா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கினால்தான் மறுபடி கொழுந்து செழிக்கும். அதுதான் கவ்வாத்து. சொல்ல லேசாகத்தான் இருக்கிறது. நிரை நிரையாகப் போய், தண்டின் பாசியைச் சுரண்டி, கத்தி ஒரே வீச்சில், சாய்வாக இறங்கவேண்டும். இரண்டு தரம் கொத்தினால் தண்டு பிளந்து, மழைத்தண்ணீர் இறங்கி, செடி செத்துப்போகும். மாமா வெட்டிய மலையில் செத்த செடியைத் தேடினாலும் கிடைக்காது என்று கணக்கப்பிள்ளைமாரே சொல்லுவார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயரே ‘பேர்’தான். குறித்த அளவு முடித்தால் முழுப்பேர் போடுவார்கள், முடிக்காவிட்டால் அரைப்பேர். வாழ்க்கையில் ஒரு நாளும் அரைப்பேர் வாங்கியதில்லை என்பது மாமாவின் பெருமை. அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

கவ்வாத்து மலையில் மழையும் அட்டையும்தான் கூட்டு. குளிருக்கென்று இளவயதில் குடிக்கத் தொடங்கினார். பிறகு வெயில் அடித்தாலும் குடித்தார். வேலை முடிந்ததும் கால் கழுவிவிட்டுக் கீழே சாராயத் தவறணைக்கு இறங்குவார். கால்போத்தல் அரைப்போத்தலாயிற்று. குடித்தால் கை நீட்டமாட்டார் என்று நான் சொன்னால் அது பொய். அத்தையின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. காலையில் அதற்காக அழுவார், சாயங்காலம் மறந்துவிடுவார். கடைசி வருஷங்களில் காலையிலும் வேண்டும் என்று ஆகிவிட்டது. எழும்பியதும் கை நடுங்கும், தேத்தண்ணிக் கோப்பை பல்லில் அடிக்கும். ஒரு வாய் சாராயம் உள்ளே போனால் கை நின்றுவிடும். பிறகு கத்தியை எடுத்தால் பழைய அழகர்சாமிதான்.

இந்த மனுஷர்தான் எங்கள் தோட்டத்துக் கரகக்காரர். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மாமாவுக்குத்தான் கட்டுவார்கள். உடுக்கை அடிக்க அடிக்க உடம்பு முறுக்கும், கண் எங்கேயோ போய் நிற்கும். ஆட்டமென்றால் அப்படி ஒரு ஆட்டம். ஆனால் தலையில் இருக்கிற கரகத்திலிருந்து ஒரு பூ உதிராது. காலையில் கோப்பையைப் பிடிக்கமுடியாத கை அப்போது கல்லாக நிற்கும். நான் சின்னப் பிள்ளையில் ஜெபம் சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்திருக்கிறேன். அவரிடம் குறி கேட்டுத்தான் பெண் கொடுப்பார்கள், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.

காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை குடிக்கக்கூடாது. மாமா வெகுகாலம் அதைக் கண்டிப்பாகக் காத்தார். ஒரு வருஷம் காப்புக் கட்டிய மறுநாளே நடுக்கம் தாங்காமல் அடுப்படியில் விழுந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கரகம் எடுக்கவேண்டும். அத்தைக்கு வேறு வழி தெரியவில்லை. இஞ்சித்தண்ணி போட்டு, அதில் ஒரு வாய் சாராயத்தை ஊற்றிக் கொடுத்தார். மாமா எழும்பிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்த இஞ்சித்தண்ணி உண்டு. ஊர் அதை விரதக் கஷாயம் என்று நினைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வாசம் வரும். அம்மா ஜெபமாலையை வேகமாக உருட்டுவார், வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கொரோனா வந்தது. ஊரடங்கு போட்டு, தவறணை, பார் எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டினார்கள். தோட்டத்தில் வேலை மட்டும் நடந்தது, கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காதே. நான் சாராயத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அந்த முதல் கிழமைகளைப் பற்றி அம்மா சொன்னதையும் சொல்லவேண்டும். லயத்தில் சாயங்காலச் சண்டை நின்றது. பிள்ளைகள் பயமில்லாமல் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்து படித்தன. தலை உடைந்தது, கை முறிந்தது என்று டிஸ்பென்சரிக்கு ஓடுகிற வேலை இல்லை. ஆம்பிளைகள் விறகு உடைத்துக் கொடுத்தார்கள், சிலர் தேங்காய்கூடத் துருவினார்கள். இந்த நோய் போனாலும் பூட்டு அப்படியே இருக்கட்டும் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடித்த பெண்கள் பேசிக்கொண்டார்களாம். அந்தப் பேச்சில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் பூட்டுப் போட்டவர்கள் கடைக்குத்தான் பூட்டுப் போட்டார்கள், உடம்புக்குப் போட முடியாதே. கீழ் லயத்தில் கசிப்புக் காய்ச்சத் தொடங்கினார்கள். சீனியும் ஈஸ்ட்டும் என்னென்னமோ பழுப்புத் தண்ணியும் சேர்ந்த அந்தக் கண்றாவியைக் குடித்து ஒருவருக்கு வயிறு உப்பியது, இன்னொருவர் ரத்தமாகக் கக்கினார். மாமாவும் கையிருப்பு முடிந்ததும் அதைத்தான் குடித்தார். சித்திரை வருஷப் பிறப்புக்குக் கிட்ட பொலிஸ் வந்து பீப்பாக்களைக் கவிழ்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு தோட்டத்தில் காசுக்குச் சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை.

கமலாட்சி அத்தைக்கு அது அம்மன் காட்டிய வழியாகத் தெரிந்தது. எத்தனை வருஷமாக அவள் காலில் விழுந்து கேட்ட வரம். கடையும் இல்லை, கசிப்பும் இல்லை, இப்போது விட்டால் எப்போது விடுவது என்று நினைத்தார். நடுக்கம் என்பது ஆசையின் மிச்சம், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாளைத் தாண்டினால் போய்விடும் என்றுதான் அவர் நம்பினார். அவர் மட்டுமல்ல, அந்த லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். வருஷப் பிறப்பன்று குளிக்கவைத்து, வேட்டி கட்டவைத்து, மாமாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்.

கற்பூரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தாராம். “முடியுமா புள்ள?” என்று கேட்டாராம்.

“முடியும். நா இருக்கேன்ல,” என்றார் அத்தை.

உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். அத்தையே மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். அன்று சாயங்காலம், பொலிஸ் கண்ணில் படாமல் ஒளித்துவைத்திருந்த கசிப்பில் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு கூட்டாளி ஒருவர் வந்தார். மாமா கிளாஸைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டார். அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவரைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை என்று சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் முதல்முறையாக அழுகைச் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் வேர்த்துக் கொட்டியது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. தூக்கம் அடியோடு போய்விட்டது. பீலியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கும் திடுக்கிட்டார். அதற்கு அடுத்த நாள் விடிந்தபோது கம்பளியில் அட்டை ஏறுகிறது என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடத் தொடங்கினார். அங்கே அட்டை ஒன்றுமில்லை. பிடுங்கிய அட்டையை விரலில் உருட்டி, சுண்டி எறிந்தார். பிறகு எழும்பி இஸ்தோப்புக்கு வந்து, குனிந்து, காற்றில் கையை வீசினார். மேலிருந்து கீழே, சாய்வாக ஒரு வீச்சு. ஒரு எட்டு நகர்ந்து இன்னொரு வீச்சு. உடம்பு முழுவதும் உதறிக்கொண்டிருந்தது.

காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட சனம் அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஓடிப்போய்க் கோயில் தலைவர் மாசிலாமணியைக் கூட்டிவந்தார்கள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த நாட்களில் எல்லோருக்கும் பயம். கொழும்பில் பிள்ளைகள், டவுனில் நோய், யார் வீட்டுக்கு எப்போது வரும் என்று தெரியாது. திருவிழாவும் இல்லை. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த சனத்துக்கு முன்னால் சாமியாடி நின்று ஆடுகிறார், அதுவும் மாரியம்மனின் சாமியாடி, அதுவும் கொள்ளைநோய்க் காலத்தில். மாசிலாமணி தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார்.

“அம்மா வந்திருக்கா. பாருங்க, நோய வெட்டுறா,” என்றார்.

அவ்வளவுதான். மஞ்சள்தண்ணி வந்தது, வேப்பிலை வந்தது. மாமாவைத் தாங்கிக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். குளிர்ந்த தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். தாயே, இந்த நோய் எப்போது போகும் என்று கேட்டார்கள். மாமா கையை வீசிக்கொண்டே, “கீழ வெட்டு. பாசியச் சுரண்டு. இன்னும் நாலு நெர கெடக்கு,” என்றார். மாசிலாமணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நாலு மாதத்தில் நோய் ஒழியும் என்று அம்மன் சொல்கிறாள் என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். எத்தனை நிரை வெட்டிவிட்டு அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார், அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் அவரோடு கவ்வாத்து வெட்டியவர்கள். ஒருவருக்குக்கூட அது தங்கள் வேலைப் பேச்சு என்று தோன்றவில்லை. நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் வருகிறது.

அத்தைக்குத் தோன்றியது. புருஷன் காற்றில் என்ன வெட்டுகிறார் என்று அவருக்குத் தெரியாதா. அது மட்டுமல்ல, உடுக்கை அடிக்காமல் மாமாவுக்கு ஒரு நாளும் சாமி வந்ததில்லை. வந்தால் அந்தக் கை நடுங்காது. இந்தக் கை, காலையில் கோப்பையைப் பிடிக்கமுடியாத கை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாசிலாமணிக்குக் கிட்டப் போய், இது சாமி இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

“சாமி இல்லாட்டி என்னது? சொல்லு,” என்றார் மாசிலாமணி.

அத்தை வாய் திறக்கவில்லை. சொல்லவேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. இது குடி இல்லாமல் வந்த நடுக்கம், முன்பும் வந்திருக்கிறது, திருவிழா நாளில் வந்தது, நான்தான் சாராயம் ஊற்றித் தெளியவைத்தேன் என்று சொல்லவேண்டும். சொன்னால், காப்புக் கட்டிய கையோடு குடித்தவர் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் சொன்ன குறி எல்லாம் பொய்யாகும், தூக்கிய கரகமெல்லாம் தீட்டாகும். அந்த மனுஷருக்கு இருந்தது இரண்டே மரியாதை, ஒன்று முழுப்பேர், மற்றது கரகம். அதில் ஒன்றை அவர் நினைவு தப்பி நிற்கும்போது பெண்சாதியே பிடுங்குவதா என்று அத்தை தயங்கினார். இதுவும் போன தடவைபோலத் தெளிந்துவிடும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

கூட்டத்துக்கு வெளியே என் அம்மா நின்றிருந்தார். அந்த லயத்தில் இஞ்சித்தண்ணியின் கதை தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். நான் சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டாராம். வேண்டாம் என்று அத்தை தலையை ஆட்டினார். வேதக்காரி ஒருத்தி வந்து உங்கள் அம்மன் அம்மன் இல்லை என்று சொன்னால் என்ன நடக்குமென்று அம்மாவுக்கும் தெரியும். அந்த நாள் முழுவதும் மாமா கோயில் வாசலில் இல்லாத தேயிலையை வெட்டிக்கொண்டிருந்தார். சனம் வந்து வந்து திருநீறு வாங்கிக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, வாயில் நுரை தள்ளி, கோயில் சிமெந்துத் தரையில் தலை மோதியது. அப்போதும் மாசிலாமணி அம்மா மலையேறுகிறாள், கற்பூரம் காட்டுங்கள் என்றார். கற்பூரத் தட்டை அத்தை தட்டிவிட்டார். அது உருண்டு படிக்கட்டில் போய் விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

“எல்லாரும் கேளுங்க. காப்புக் கட்டியிருக்கயிலயும் இவரு குடிச்சாரு. இஞ்சித்தண்ணியில நாந்தான் ஊத்திக் குடுத்தேன், எத்தன வருசமா. குடி இல்லாட்டி இவருக்கு இப்பிடித்தான் வரும். இது சாமி இல்ல, நோய். வண்டிய கூப்பிடுங்க, எம்புருசன் செத்துருவாரு.”

இரண்டு கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது, புருஷன்மேல் பழி போடுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் அம்மா பாக்டரிப் பக்கம் ஓடத் தொடங்கியிருந்தார். ஊரடங்கில் ஓட அனுமதி இருந்தது கொழுந்து லொறிக்குத்தான். சாரதியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி லொறியைக் கொண்டுவந்தார். கொழுந்துச் சாக்குகளை விரித்து மாமாவைக் கிடத்தினார்கள். அத்தை தலையை மடியில் வைத்துக்கொண்டார், அம்மா காலைப் பிடித்துக்கொண்டார்.

மாத்தளைக்கு இறங்குகிற வளைவுகளில் மாமாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. மேலே கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கைப் பார்த்தார், யாரையோ தேடினார். லொறி நிறுத்துகிற இடத்தில்தான் கணக்கப்பிள்ளை நின்று பேர் போடுவார். அவரைத்தான் தேடியிருக்கிறார்.

“ஐயா, நெர முடிச்சிட்டேங்க. அரைப்பேரு போட்டுறாதீங்க,” என்றார்.

“முழுப்பேரு போட்டாச்சு. நீங்க கண்ண மூடுங்க,” என்றார் அத்தை.

ஆஸ்பத்திரியில் இன்னொரு வலிப்பு வந்தது. எவ்வளவோ பார்த்தார்கள். பின்னேரம் உயிர் போய்விட்டது. மருந்து ஏற்றுவதற்காக நர்ஸ் வெட்டி எடுத்த மஞ்சள் கயிற்றை அத்தையின் கையில் கொடுத்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு இளம் டொக்டர், எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். தினமும் இவ்வளவு குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது அம்மா, நிறுத்துவதற்கும் மாத்திரை இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கவேண்டும், நடுக்கம் தொடங்கியதுமே கூட்டிவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அத்தை அதைத் தன் குற்றமாகவே விழுங்கிக்கொண்டார்.

எனக்குக் கோபம் அத்தைமேல் இல்லை. மாசிலாமணிமேல்கூட முழுதாக இல்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தோட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. கையைக் கழுவச் சொன்னது, முகக்கவசம் போடச் சொன்னது, கடையெல்லாம் பூட்டு என்று சொன்னது. தினமும் குடிக்கிறவருக்கு நடுக்கம் கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள் என்று அதோடு ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த ஒலிபெருக்கி வெடித்தா போயிருக்கும்? தவறணைக் கதவை மூடத் தெரிந்தவர்களுக்கு, அதன் வாசலில் தினமும் நின்றவர்களை யோசிக்கத் தெரியாமல் போயிற்று. சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இதை நான் சத்தம் போட்டுச் சொன்னபோது, அந்தப் பக்கமிருந்து அத்தை சொன்னார்: “அவங்களுக்குத் தெரியாது கெத்தரின். எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, நா ஒரு நாள் வாய மூடிக்கிட்டேன்.”

என் கடதாசியைக் கிழித்த கிழமையில்தான் கடைகளைத் திறந்தார்கள். மாமாவின் முப்பதாம் நாள் வந்தது. படையலுக்கு அவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும். டவுனுக்குப் போகவேண்டும், துணைக்கு வா என்று அத்தை கூப்பிட்டார். வாழையிலை, பழம், வெற்றிலை வாங்கத்தான் என்று நினைத்தேன். ஆட்டோவை விட்டு இறங்கி அத்தை நேரே போய் நின்றது பார் வரிசையில். வரிசை தெரு முனைவரை போய் வளைந்திருந்தது. அத்தனையும் ஆம்பிளைகள். முகக்கவசத்துக்கு மேலே அத்தனை கண்ணும் எங்கள்மேல்தான். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அத்தை வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றார்.

எங்கள் முறை வந்ததும் கம்பிக்குப் பின்னால் இருந்தவர், பெண்களுக்குக் கொடுக்கமுடியாது, சட்டமில்லை என்று சிங்களத்தில் சொன்னார். முப்பதாம் நாள் படையலுக்கு என்று அத்தையும் சிங்களத்திலேயே விளக்கினார். அவர் பரிதாபமாகத்தான் பார்த்தார், ஆனால் கொடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அத்தை விலகி, வரிசையைத் திரும்பிப் பார்த்தார். நாலைந்து பேருக்குப் பின்னால், துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, கோயில் தலைவர் மாசிலாமணி நின்றிருந்தார். முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார். அப்படியும் அவர்தான்.

அத்தை அவருக்குக் கிட்டப் போனார். நாலு வார்த்தை கேட்கப்போகிறார், கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன். அத்தை மடித்த காசை நீட்டி, தனக்கும் ஒரு கால்போத்தல் எடுத்துத் தரச் சொன்னார். மாசிலாமணி காசை வாங்கிக்கொண்டார். முறை வந்ததும் வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது போத்தல் அவர் கையில் நடுங்கியது. பகல் வெளிச்சத்தில் நானும் பார்த்தேன், அத்தையும் பார்த்தார்.

“தலைவரே, நிறுத்துறதுன்னா ஒரேயடியா நிறுத்திறாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி, கேட்டு நிறுத்துங்க,” என்றார்.

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகக்கவசம் ஈரமானது. அத்தை சொன்னதுதான் உண்மை என்று அவருக்கு அன்றைக்கே தெரியும், எனக்கு அதில் சந்தேகமில்லை. இருந்தும் அடுத்த மாதம் அந்த முள்முருங்கை மரத்தடியில் கல்லை நட்டவர் அவர்தான். ஊருக்கு அம்மன் சொன்ன வார்த்தை வேண்டும், அவருக்கு மரியாதை வேண்டும்.

பின்னேரம் புதைகாட்டுக்கு மூன்று பேர்தான் போனோம். தேயிலைக்கு ஓரமாக மாமாவின் மண்மேடு இன்னும் சரியாக இறுகவில்லை. அம்மா தள்ளி நின்று, தன் முறையில் தன் ஜெபத்தைச் சொன்னார். அத்தை இலை போட்டுச் சோறு வைத்தார், வெற்றிலை வைத்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த மஞ்சள் கயிற்றை எடுத்து மண்ணில் வைத்தார்.

“சத்தியத்த வாங்கினது நாந்தான். நானே திருப்பிக் குடுத்துட்டேன்,” என்றார். “குடிங்க.”

போத்தலைத் திறந்து கவிழ்த்தார். மண் அதை உடனே இழுத்துக்கொண்டது. கடைசிச் சொட்டு இறங்கும்வரை அத்தை கையை எடுக்கவில்லை, அந்தக் கை நடுங்கவும் இல்லை. முடிந்ததும் வெறும் போத்தலைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மழை வருகிறது, நடங்கள் என்று எங்களிடம் சொன்னார்.